“செட் ஆகும்” என்று வாயால் சொல்லாதீர்கள், பில்லில் எழுதுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். சைக்கிளைப் பற்றியது. “சேருக்கு வேற வேலை இல்லையா?” என்று சிலர் கேட்பீர்கள். கேட்டுவிட்டு வாசியுங்கள். பின்சில்லில் பூட்டும் ஒரு கையளவுச் சாமானைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்குப் போகிற காசு உங்கள் வீட்டுக் காசு. அதை நம்பி ஏ9 வீதியில் போகிற பிள்ளை உங்கள் பிள்ளை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் சைக்கிளின் பின்பக்கக் கியர் செட் ஊகத்தில் விற்கப்படுகிறது, ஊகத்தில் வாங்கப்படுகிறது, ஊகத்தில் பூட்டப்படுகிறது.

“எத்தன கியர் ஈக்கி? ஏழா? இந்தாங்க ஏழு. செட் ஆகும்.”

அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. சில்லை யாரும் பார்க்கவில்லை. செட் ஆகாவிட்டால் விற்றவருக்கு நட்டமில்லை, இறக்கியவருக்கு நட்டமில்லை, செய்த கொம்பனிக்கு நட்டமே இல்லை. கூலிக்குப் போய் வந்து வாப்பா எடுத்துக் கொடுத்த காசுக்குத்தான் நட்டம். இந்த வழக்கம் நிற்க வேண்டும். நிறுத்துவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஐந்து நிமிடமும் ஒரு பேனையும் போதும்.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன்?

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் எண்ணெய் இல்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று அரசாங்கம் விநியோகத்தை நிறுத்தியது. பாடசாலைகளை மூடினார்கள். ஜூலையில் கியூஆர் முறை வந்தது. அந்த வருடம் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 பக்கம் போனது. நாடு முழுக்கச் சைக்கிள் தேடியது. புதுச் சைக்கிளின் விலை ஏறியது, பழைய ஜப்பான் சைக்கிளின் விலையும் ஏறியது. முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்தவற்றையும் கழுவி எடுத்து ஓடினோம். முன்பு கியர் வண்டியைத் தொட்டே பார்க்காத வீடுகளுக்கும் அப்போது கியர் வண்டி வந்தது.

அப்படி வந்த வண்டிகளில் பல இன்னும் ஓடுகின்றன. வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், கடைக்குப் போகும் இளைஞர்கள், தோட்டத்துக்குப் போகும் பெரியவர்கள் எல்லோரும் ஓட்டுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் செயினும் பல்லும் என்றென்றைக்கும் வராது. அந்தக் காலத்து வண்டிகளின் பல் தேய்ந்து, செயின் இழுபட்டு, மாற்றியே ஆக வேண்டிய நேரம் இது. கியர் செட் கேட்டுக் கடைக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். “செட் ஆகும்” என்ற சொல்லும் கூடிவிட்டது.

அந்தச் சொல்லுக்கு நியாயமான ஒரு பழைய கதை இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பெரியவர்கள் ஓட்டிய ஒற்றைக் கியர் றலியையும் லுமாலாவையும் நினைத்துப் பாருங்கள். பின் ஹப்பில் ஒரு புரி இருக்கும். பிரீவீலை அதில் திருகினால் முடிந்தது. புரியின் விட்டம் 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 புரி. பெரும்பாலான வண்டிகளில் அதே அளவுதான். பதினாறு பல்லா, பதினெட்டுப் பல்லா என்று மட்டும் பார்த்தால் போதும். அந்தக் காலத்துப் பாஸ் “செட் ஆகும்” என்றால் அது ஊகம் அல்ல, அனுபவம். உண்மையாகவே செட் ஆகியது.

சாமான் மாறிவிட்டது, சொல் மட்டும் மாறவில்லை. கோளாறு அங்கேதான்.

என்ன மாறியது? பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு “கிர்ர்” என்று ஓடிக்கொண்டே போகிறது அல்லவா? அந்த வேலையைச் செய்கிற பொறி எங்கே இருக்கிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

பிரீவீலில் அந்தப் பொறி பல்லுத் தட்டுகளின் வயிற்றுக்குள் இருக்கிறது. தட்டுகளும் பொறியும் சேர்ந்து ஒரே சாமான். ஹப்பில் புரி மட்டும்தான்.

பிரீஹப்பில் அந்தப் பொறி ஹப்போடு சேர்ந்திருக்கிறது. ஹப்பின் வலது பக்கத்தில் ஓர் உருளை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் நீளவாட்டில் வெட்டுகள் இருக்கும். பல்லுத் தட்டுகள் அந்த வெட்டுகளில் சறுக்கிக்கொண்டு உள்ளே போகும். கடைசியில் ஒரு லொக் ரிங் வந்து இறுக்கிப் பிடிக்கும். இப்படிச் சறுக்கிப் போகும் தட்டுக் கூட்டத்துக்குத்தான் கசெட் என்று பெயர். ஜப்பானின் ஷிமானோ கொம்பனி தனது பிரீஹப்பை 1978 இல் கொண்டுவந்தது. இன்று நல்ல கியர் வண்டிகள் எல்லாம் இந்த முறையில்தான். விலை குறைந்த 6, 7 கியர் வண்டிகளில் இன்னும் பிரீவீல் வருகிறது. எங்கள் ஊரில் இரண்டும் கலந்து ஓடுகின்றன.

இனிப் பாருங்கள். ஏழு கியர் பிரீவீல் உண்டு. ஏழு கியர் கசெட்டும் உண்டு. பல்லும் ஏழு, பார்வைக்கும் ஒரே மாதிரி, பெட்டியிலும் “7” என்றுதான் இருக்கும். ஒன்றைத் திருக வேண்டும், மற்றதைச் சறுக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது ஒருநாளும் ஏறாது. “ஏழு தானே” என்று கொடுப்பது, “செருப்புத் தானே” என்று இரண்டு வலது காலைக் கொடுப்பது மாதிரி.

என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம், இது ஒரு கடையின் நோய் அல்ல. பிள்ளையின் வண்டி 7 கியர், ஹப்பில் புரி. கடையில் 7 கியர் கசெட்டைக் கொடுத்தார்கள். பூட்டப் போன இடத்தில் ஏறவில்லை. “சில்லு சரியில்ல, சில்ல மாத்தணும்” என்றார்கள். நல்ல சில்லைக் கழற்றி வைத்துவிட்டு, பிரீஹப் உள்ள வேறு சில்லை வாங்கினார்கள். அந்தப் பிரீஹப் 8, 9, 10 கியருக்கானது, உருளை நீளம். ஏழு கியர் கசெட் அதில் போனது, ஆனால் இடைவெளி மிச்சம். லொக் ரிங்கை இறுக்கினார்கள். ரிங் இறுகியது, தட்டுகள் ஆடின. ஒரு கிழமை போகவில்லை, மேட்டில் எழுந்து நின்று மிதித்த நேரம் செயின் பாய்ந்தது. பிள்ளை கைகாலில் தோல் உரிந்ததோடு தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

மூன்று தடவை காசு. முதல் தடவை சரியான 7 கியர் பிரீவீலைக் கொடுத்திருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும். மூன்று இடத்திலும் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் ஒருவர்கூடப் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் சொல்லும் “செட் ஆகும்” பொய்யை விட ஆபத்தானது. சொல்கிறவருக்கே அது பொய் என்று தெரியாது.

“சேர், இதெல்லாம் கொழும்பில படிச்ச எஞ்சினியர்மாருக்குத்தான் தெரியும்” என்று சொல்லாதீர்கள். தரம் 6 பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். பாருங்கள்.

முதலாவது பரீட்சை. சில்லை அசையாமல் பிடியுங்கள். பல்லுத் தட்டுகளைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். சின்னத் தட்டுக்குப் பக்கத்தில், அச்சைச் சுற்றி, கருவி பூட்டுவதற்கு வெட்டுகள் உள்ள ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் தட்டுகளோடு சேர்ந்து சுற்றினால் அது லொக் ரிங், உங்களுடையது கசெட். தட்டுகள் சுற்ற, வளையம் அசையாமல் நின்றால் உங்களுடையது பிரீவீல். பத்து விநாடி வேலை. கருவி எதுவும் வேண்டாம்.

இரண்டாவது பரீட்சை. எழுத்தை வாசியுங்கள். ஷிமானோ சாமானில் இலக்கம் அடித்திருப்பார்கள். “எம்.எப்.” என்று தொடங்கினால் பிரீவீல். “சி.எஸ்.” என்று தொடங்கினால் கசெட். ஹப்பில் “எப்.எச்.” என்று இருந்தால் பிரீஹப். அழுக்கைத் துடைத்தால் எழுத்துத் தெரியும். அழுக்கைத் துடைக்காமல் சொல்லப்படும் எந்த ஆலோசனையையும் நம்பாதீர்கள்.

மூன்றாவது பரீட்சை. பிரீஹப் என்று உறுதியானால், உருளையின் நீளத்தை அளவுங்கள். இங்கேதான் கியர் எண்ணிக்கை மறுபடியும் ஏமாற்றும். ஷிமானோவின் எச்ஜி என்ற வெட்டு முறைதான் எங்கள் பக்கம் அதிகம். ஸ்ராம், சன்ரேஸ் போன்ற கொம்பனிகளும் அதற்குப் பொருந்தும் கசெட்டுகளைச் செய்கிறார்கள். அந்த முறையில்:

7 கியர் உருளை கட்டை. அதில் 8 கியர் கசெட் முழுதாக உட்காராது, லொக் ரிங் பிடிக்கப் புரி எட்டாது.

8, 9, 10 கியர் மூன்றுக்கும் உருளை ஒன்றே. அதில் 7 கியர் கசெட் பூட்ட வேண்டுமென்றால் பின்னால் 4.5 மில்லிமீற்றர் ஸ்பேசர் வளையம் கட்டாயம். மேலே சொன்ன பிள்ளையின் வண்டியில் இல்லாமல் போனது இந்த ஒரு வளையம்தான்.

றேசிங் வண்டிகளின் 11 கியர் உருளை அதைவிட 1.85 மில்லிமீற்றர் நீளம். அதில் 8, 9, 10 கியர் கசெட் போடலாம், 1.85 மில்லிமீற்றர் வளையத்தோடு. ஆனால் சாதாரண 11 கியர் றேசிங் கசெட்டைப் பழைய உருளையில் போட முடியாது, நீளம் போதாது. மலை வண்டிகளின் 11 கியர் எச்ஜி கசெட் மட்டும் பழைய உருளையிலேயே ஏறும். பெரிய தட்டு ஸ்போக் கம்பிப் பக்கம் சாய்ந்து நிற்கும்படி செய்திருப்பதால் அது முடிகிறது.

1.85 மில்லிமீற்றர் எவ்வளவு? ஒரு ரூபாய் நாணயத்தின் தடிப்புப் பக்கம் வரும். அந்தளவுக்குள் ஒரு குடும்பத்தின் ஒருநாள் சம்பளம் விழுந்து காணாமல் போகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைகள் எங்கள் ஊரில் எத்தனை பேர்? வேணியர் இடுக்கிமானியைப் பிடித்து மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றை வாசிக்கப் படித்தவர்கள்தானே? பரீட்சை முடிந்ததும் அந்தக் கை எங்கே போனது? அளப்பது புள்ளி எடுப்பதற்கான வித்தை மட்டும் என்று நினைக்கிற வரைக்கும் நாங்கள் படித்தவர்கள் அல்ல, பாஸானவர்கள்.

சரி, உருளையில் சரியாகப் போய்விட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. 8 கியர் கசெட்டும் 9 கியர் கசெட்டும் ஒரே உருளையில் அழகாக உட்காரும். ஆனால் 8 இல் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு 4.8 மில்லிமீற்றர். 9 இல் 4.35. உங்கள் கைப்பிடியில் இருக்கும் லீவர் 8 கியருக்கானது என்றால், ஒவ்வொரு கிளிக்கிலும் செயினைக் கூடுதலாகத் தள்ளும். இரண்டு கியர் சரியாக விழும், மூன்றாவதில் செயின் நடுவில் நின்று அழும். ஆகவே லீவரின் கிளிக், கசெட்டின் தட்டு, செயினின் அகலம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பெரிய தட்டைப் பின்னால் தொங்கும் டெரெய்லர் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். “ஏறிட்டுது” என்பது “செட் ஆகிட்டுது” அல்ல.

இப்போது கடைக்காரச் சகோதரர்களின் நியாயங்களுக்கு வருகிறேன். அவர்கள் எங்கள் ஆட்கள்தான். நேரடியாகவே பேசுவோம்.

“ஆக்கள் வண்டியக் கொண்டு வாறதில்ல, வாயால கேட்டா நான் என்ன செய்ய?” நியாயமான கேள்வி. பதில் ஒரு வசனம்தான்: “வண்டியைக் கொண்டு வாங்க, இல்லாட்டி போனில படம் எடுத்து வாங்க.” மருந்துக் கடைக்காரர் துண்டில்லாமல் மருந்து கொடுத்தால் நாங்கள் ஏசுகிறோம். சில்லைப் பார்க்காமல் கசெட் கொடுப்பவரை மட்டும் ஏன் கெட்டிக்காரர் என்கிறோம்?

“முப்பது வருஷமா இந்தத் தொழில் செய்றன், எனக்குப் படிப்பிக்க வாறீங்களா?” உங்கள் கையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. வளைந்த றிம்மைக் கம்பி இழுத்தே நேராக்கும் பாஸ்மாரைப் பார்த்து வியந்தவன் நான். ஆனால் முப்பது வருட அனுபவம் முப்பது வருடம் முன்னால் வந்த சாமானுக்கு. ஷிமானோவின் மைக்ரோ ஸ்பிளைன் 2018 இல் வந்தது. ஸ்ராமின் எக்ஸ்டி 2012 இல் வந்தது. இவற்றுக்கு முப்பது வருட அனுபவம் உள்ளவர் உலகத்திலேயே யாரும் இல்லை. தெரியாததைப் “பாத்துச் சொல்றன்” என்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

“விலை குறைஞ்சத்தத்தான் கேக்கிறாங்க, நான் நல்லதச் சொன்னா அடுத்த கடைக்குப் போறாங்க.” இது உண்மை. இதற்கான குற்றம் எங்கள் பக்கம். அதற்கு வருகிறேன்.

“வித்த சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்.” இந்த வாசகத்தைப் பில்லின் கீழே அடிக்கத் தெரிந்த கைக்கு, அதே பில்லில் “7 கியர் பிரீவீல், புரி” என்று எழுதத் தெரியாதா? திருப்பி எடுக்க மாட்டோம் என்பதை மட்டும் எழுத்தில் தருகிறீர்கள், செட் ஆகும் என்பதை மட்டும் வாயால் தருகிறீர்கள். இந்த நீதி எந்தச் சந்தையின் நீதி? அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாதே என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறோம். தராசில் வைக்காமலே நிறை சொல்வது எந்தக் கணக்கில் சேரும் என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

சட்டமும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் என்று பெயர். பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதும், பொருளைப் பற்றிப் பிழையாக எடுத்துச் சொல்வதும் அதில் தடை. அதிகாரசபையின் இலக்கம் 1977. நான் யாரையும் மாட்டிவிடச் சொல்லவில்லை. ஊருக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் இது. ஆனால் “நாங்க என்ன செய்ய ஏலும்” என்று கைவிரிக்கிறவர்களுக்கு, கை வெறுங்கை இல்லை என்று நினைவூட்டுகிறேன். அந்தக் கையிலும் எழுதிய பில் இருந்தால்தான் பலம்.

இனி எங்கள் முறை. வாங்குகிற எங்களை நான் விடப் போவதில்லை.

மோட்டார் சைக்கிள் என்றால் சேர்விஸ் புத்தகம், ஒயில் எந்த இலக்கம், பிளக் எந்த ரகம் என்று தலைகீழாகச் சொல்வோம். சைக்கிள் என்றால் “சைக்கிள் தானே”. அந்த “தானே”யில்தான் எல்லாச் சீரழிவும் தொடங்குகிறது. அந்தச் சைக்கிள்தான் எண்ணெய் இல்லாத மாதங்களில் எங்களைச் சுமந்தது. அந்தச் சைக்கிளில்தான் எங்கள் பிள்ளை, தம்புள்ளைக்குப் பறக்கிற பஸ்ஸுக்கும் வீதியோரக் கானுக்கும் நடுவில் உள்ள ஓரடி இடத்தில் போகிறது. அந்த ஓரடிக்குள் பல் வழுக்கி, மிதித்த கால் வெற்றிடத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். தட்டு ஆடிச் செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக் கம்பிக்குள் விழுந்தால் பின்சில்லு ஓட்டத்திலேயே இறுகிவிடும். பலகடுவ மேட்டில் இது நடந்தால், பின்னால் வருகிற லொறிக்காரர் பிரேக் பிடிப்பாரா என்பது மட்டுமே மிச்சம்.

அடுத்தது, பாஸின் அறிவுக்கு நாங்கள் கொடுக்கும் விலை. சாமானுக்குக் கேட்ட காசைக் கொடுப்போம், பூட்டுக் கூலியில் இருநூறு ரூபாய் குறைக்கச் சண்டை பிடிப்போம். கழற்றி, துடைத்து, அளந்து, “இது உங்களுக்குச் சரிவராது, வாங்காதீங்க” என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஒரு சதமும் கொடுக்க மாட்டோம். பிறகு அவர் எதற்கு அளக்க வேண்டும்? விற்றால் காசு, அளந்தால் வெறுங்கை என்று வைத்திருப்பது நாங்கள்தான். பார்த்துச் சொல்வதற்கும் கூலி கொடுங்கள். நூறு, இருநூறு ரூபாய் கொடுத்துப் பெறும் “வேண்டாம்” என்ற சொல், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பிழையான பெட்டியை விட லாபம்.

மூன்றாவது, எங்கள் இளைஞர்கள். ரிவர்ஸ்டன் ஏறுகிறீர்கள், படம் போடுகிறீர்கள், பார்க்கச் சந்தோஷம். ஆனால் இணையத்தில் “12 ஸ்பீட்” என்று கண்டதும் உம்மாவின் சீட்டுக் காசில் கை வைக்காதீர்கள். 12 கியர் என்ற பெயரில் வெவ்வேறு உருளைகள் வருகின்றன. மைக்ரோ ஸ்பிளைன் கசெட் எச்ஜி உருளையில் ஏறாது. எக்ஸ்டி கசெட்டும் ஏறாது. எக்ஸ்டிஆர் என்று இன்னொன்று, அது எக்ஸ்டியை விட 1.85 மில்லிமீற்றர் நீளம். ஏன் இவ்வளவு குழப்பம் என்றால், எச்ஜி உருளையின் பருமனுக்கு 11 பல்லை விடச் சின்னத் தட்டு வைக்க முடியாது. 10 பல்லுத் தட்டு வேண்டும் என்று புது உருளைகளைச் செய்தார்கள். காரணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 10 பல்லுத் தட்டு சமதரையிலும் இறக்கத்திலும் வேகமாகப் போக. இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறுகிறவனுக்கு வேண்டியது பெரிய தட்டு. அதற்கு எச்ஜி உருளையிலேயே வழி உண்டு. ஸ்ராமின் என்எக்ஸ் ஈகிள் 11 இலிருந்து 50 பல் வரையான 12 கியர் கசெட், எச்ஜியில் ஏறுகிறது. லீவரும் டெரெய்லரும் செயினும் அதற்கேற்றதாக மாற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முதலில் உங்கள் ஹப் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில்லைத் தெரியாமல் கசெட் வாங்குவது, காலை அளக்காமல் சப்பாத்து வாங்குவது.

பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அவற்றில் பல 6 கியர் பிரீவீல். சிலவற்றில் கியரே வெளியில் இல்லை. ஒற்றைப் பல்லுத் தட்டுத்தான் தெரியும், 3 கியரும் ஹப்பின் வயிற்றுக்குள் இருக்கும். அதற்குப் பிரீவீலும் சரிவராது, கசெட்டும் சரிவராது. “கியர் வேலை செய்யல்ல, செட்ட மாத்துங்க” என்று கொடுத்தால், இல்லாத செட்டை எங்கே மாற்றுவது?

புதிதாக வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். மலை நாட்டில் இருக்கிறோம், பாரம் கட்டி மிதிக்கிறோம். முடிந்தால் பிரீஹப் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள். பல கியர் பிரீவீலில் வலது பக்கப் பெயாரிங் உள்ளே தள்ளிப் போய்விடும். அதற்கு வெளியே அச்சு தாங்கலில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். பாரம் கூடினால் வளையும், ஒருநாள் முறியும். பிரீஹப்பில் பெயாரிங் வெளி ஓரத்துக்குக் கிட்ட இருக்கும், அச்சுக்குத் தாங்கல் கூட. நெம்புகோல் பாடம்தான், வேறொன்றும் இல்லை. பிரீவீல் வண்டி வைத்திருப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. சரியான பிரீவீலைப் போட்டால் அதுவும் வருடக்கணக்கில் உழைக்கும். பிழையானதைப் போட முயல்வதுதான் கேடு.

லொக் ரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 நியூட்டன் மீற்றர் விசைத்திருப்பத்தில் இறுக்கச் சொல்கிறார்கள். 25 சென்ரிமீற்றர் ஸ்பனர் என்றால் அதன் முனையில் ஏறக்குறைய 16 கிலோ எடை தொங்குகிற அளவு. ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இறுக்குவது அல்ல, காயப்படுத்துவது. அதற்கென்று கருவி இருக்கிறது. பிரீவீல் கழற்றும் கருவியும் லொக் ரிங் கருவியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேறு வேறு. பிழையானதைத் திணித்தால் வெட்டுகள் உரிந்து போகும். அதன் பிறகு எந்தக் கருவியாலும் கழற்ற முடியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, வாங்குகிறவர்கள். வண்டியையோ சில்லையோ கொண்டு போங்கள். முடியாவிட்டால் மூன்று படம்: ஹப்பின் எழுத்து, தட்டின் எழுத்து, லீவரின் எழுத்து. தட்டைப் பின்னால் சுற்றிப் பார்த்துவிட்டே வீட்டைவிட்டு இறங்குங்கள்.

இரண்டு, விற்கிறவர்கள். பில்லில் ஒரு வரி. “8 கியர் கசெட், எச்ஜி.” அல்லது “7 கியர் பிரீவீல், புரி.” ஸ்பேசர் போட்டால் “4.5 ஸ்பேசருடன்”. அடுத்த தடவை வேறு யார் பூட்டினாலும் அந்த வரி வழிகாட்டும். எழுதிக் கொடுத்தது செட் ஆகாவிட்டால், பூட்டி ஓட்டாத சாமானை மாற்றிக் கொடுங்கள். இப்படிச் செய்கிற கடைக்கு ஊர் தானாக வரும். வராவிட்டால் நாங்கள் கூட்டிக்கொண்டு வருவோம்.

மூன்று, ஊர். ஒரு லொக் ரிங் கருவி, ஒரு பிரீவீல் கருவி, ஒரு செயின் விப், செயின் தேய்வு பார்க்கும் ஒரு அளவுகோல், ஒரு வேணியர். இவ்வளவையும் நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்கி ஒரு பொது இடத்தில் வைக்கலாம். சனிக்கிழமை பின்னேரம் வண்டியைக் கொண்டு வாருங்கள், அளப்பதற்கு என் பிள்ளைகள் தயார். பூட்டுவது பாஸ்மாரின் தொழில், அதில் கை வைக்க மாட்டோம். அளந்து, துண்டில் எழுதித் தருவோம். அந்தத் துண்டோடு கடைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊரின் பெயர் உலகத்துக்கு ஏன் தெரியும்? கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக மட்டும் ஓதப்பட்டு வந்த திரிபிடகத்தை இந்த அலுவிகாரைக் கற்குகைகளில் ஓலையில் எழுதி வைத்தார்கள். அது எங்கள் பௌத்தச் சகோதரர்களின் வேதம். ஆனால் அந்தப் புத்தி இந்த மண்ணில் பிறந்த எல்லோருக்கும் பாடம். எவ்வளவு நல்ல நினைவாற்றல் உள்ளவரும் ஒருநாள் போய்விடுவார், எழுத்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓலையில் எழுத்தாணியால் ஒரு பிடகத்தையே எழுதிய ஊரில், பில்லில் பேனையால் ஒரு வரி எழுத எங்களுக்குக் கை வரவில்லையா?

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: வீட்டில் உள்ள சைக்கிளின் பல்லை ஒருதரம் பின்னால் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். சரி என்று பட்டால் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு வாப்பாவுக்கும், சாமான் விற்கும் ஒரு கடைக்கும் அனுப்பிவிடுங்கள்.